தங்கச்சி வீட்டு இணைப்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரால் கிடைத்தது. பாளையம்பட்டியில் என் வீட்டுக்கு எதிர்வீடு. தோளில் வயர்ச் சுருளோடு நின்ற கேபிள்காரர் பால்ச்சாமி, அந்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"செட்டாப் பாக்ஸையும் ரிமோட்டையும் எடுத்து வைக்கச் சொல்லு."

வாசலில் நின்ற தங்கமாரி, பக்கத்திலிருந்த தண்ணீர் டிரம்மைப் பார்த்துப் பதில் சொன்னாள்:

"எடுத்துத்தான் வச்சிருக்கு. வந்து வாங்கிக்கிடச் சொல்லு."

இருவரும் கூடப்பிறந்த அண்ணன் தங்கை. மூன்றடி தூரத்தில் நின்றார்கள். நடுவில் வேறு ஆள் இல்லை. ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குத் துணி கையிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து இதை எழுதிக்கொண்டும் அடித்துக்கொண்டும் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவளுக்குக் கதை எழுதுவது சுலபம் என்று தெருவில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கெடுக்க மனமில்லை.

(தங்கமாரி என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. "எழுதுனா எழுதுங்க டீச்சர், பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். தெருவுக்கே தெரிந்த விஷயத்தில் பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். "மாத்துனா நானும் வெளிய நின்னு படிக்கலாம்ல" என்றாள்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மழை பொய்த்த அந்த ஆண்டில்—"

அடித்துவிட்டேன். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதோடு, எந்த ஆண்டு என்று வாசகர் கேட்டால் எங்கள் பக்கத்தில் பதில் சொல்வது கஷ்டம்.

இரண்டாவது தொடக்கம்: "தங்கமாரி சிக்கனமானவள்." இது உண்மைதான். நைட்டி தைக்கிற கம்பெனியில் கைப்பகுதியை மட்டும் வைத்துத் தைக்கிறவள். ஒரு நைட்டிக்கு இவ்வளவு என்று கூலி. கணவன் விஜயபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மகள் அனுசியா விருதுநகரில் கல்லூரி இரண்டாம் வருஷம். போன ஆனியில் கல்லூரிக் கட்டணம் கூடியது, ஆட்டோவுக்கு டயர் மாற்ற வேண்டி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அனுசியா நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்.

"கேபிளுக்கு முந்நூறு. அதுபோக மூணு போனுக்கும் தனித்தனியா நெட்டு. ஒரு ஃபைபர் லைன் போட்டா வீட்டுக்கே நெட்டு வந்துரும், டிவில பாக்க அஞ்சாறு ஆப்பு அதுலயே வருது. மாசம் நானூறு மிச்சம்மா."

"அப்ப கேபிளு?"

"அதான் வேணாமே."

விஜயபாண்டி சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒங்கண்ணன் வயரு வீட்டுக்குள்ள இல்லாட்டி எனக்கு நல்லாத் தூக்கம் வரும்" என்றான்.

தங்கமாரி கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தாள். பிறகு, "சரி, வேணாம்னு சொல்லிருவோம்" என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் என்ன நினைத்தாள் என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம். பணத்துக்காகவா, அண்ணனை நோகடிக்கவா? நேரிலேயே கேட்டேன்.

"ரெண்டும்தான் டீச்சர். நானூறு ரூவாயும் வேணும். அவுக மூஞ்சி எப்படிப் போகுதுன்னும் பாக்கணும்."

3

இங்கே கதையை ஏழு வருஷம் பின்னால் இழுக்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

பரளச்சிக்குப் பக்கத்தில் அவர்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. ஊரான் காட்டில் கூலிக்குப் போய்ப் போய்ச் சேர்த்து வாங்கியது. அவர் இறந்த பிறகு பால்ச்சாமி தங்கச்சியைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனார். "பட்டா மாத்தணும் மாரி, ஒரு கையெழுத்து" என்றார். எதையும் படிக்காமல் போட்டாள். எட்டு மாதம் கழித்து பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது, அப்பாவின் நிலத்தில் கம்பிவேலிக்குள் சோலார் தகடுகள் வரிசையாக வெயிலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அன்று போட்டது விற்பனைக் கையெழுத்து என்று.

பணம் எங்கே போனது? கேபிள் டிஜிட்டலாக மாறிய சமயம் அது. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வாங்கிக் கொடுக்காவிட்டால் பால்ச்சாமியின் வாடிக்கை வேறொருவரிடம் போய்விடும் என்ற நிலை. நிலம் முழுவதும் பெட்டி பெட்டியாக மாறி எங்கள் தெரு வீடுகளில் டிவிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. அவளுடைய பங்கும் அதற்குள்தான்.

"கேட்டுருந்தா குடுத்துருப்பேன்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். "கேக்கல."

விஜயபாண்டி கேபிள் ஆபீஸ் வாசலில் போய்க் கத்தினான். அத்தோடு அண்ணன் தங்கச்சி பேச்சு நின்றது. வயர் மட்டும் நிற்கவில்லை. மற்ற வீடுகளுக்கு வசூலுக்கு ஆள் அனுப்புகிற பால்ச்சாமி, மாதம் பிறந்தால் இந்த ஒரு வீட்டுக்குத் தானே வருவார். தங்கமாரி பணத்தை ஜன்னல் விளிம்பில் வைப்பாள். அவர் எடுத்துக்கொண்டு, அட்டையில் தேதி எழுதி, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார். ஏழு வருஷம் இப்படி.

(இந்த இடத்தில், கேபிளை நிறுத்தியபோது அவள் உண்மையில் எதை நிறுத்தினாள் என்று விளக்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். பத்தாம் வகுப்புக்கு நடத்துவதுபோல இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

ஒரு விஷயத்தைச் சொல்லாமலே இதுவரை வந்துவிட்டேன். "கூடப்பிறந்த தங்கச்சியே வேணாம்னுட்டா, நமக்கென்ன" என்று அந்த மாதமே எங்கள் தெருவில் பதினொரு வீடுகள் கேபிளை நிறுத்தின. அதில் நான்காவது வீடு என்னுடையது. பெட்டியைக் கொடுத்தபோது பால்ச்சாமி, "பரவால்ல டீச்சர்" என்றார். நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டில் புது டிவி வாழ்க்கை தொடங்கியது. போட்டதும் அது, "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும். கீழே வட்டம் வட்டமாகப் பொம்மை முகங்கள். அம்மாவுக்கென்று அனுசியா ஒரு நீல முகம் வைத்துக் கொடுத்திருந்தாள். கேபிளில் என்றால் போட்டதும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் போய் உட்காரலாம், பாதியில் எழுந்து வரலாம். இங்கே ஒன்றுமே தானாக ஓடவில்லை. எல்லாம் அவள் தொடுவதற்காகக் காத்துக் கிடந்தன. படம் படமாகத் தள்ளுவாள். ஒன்றைத் தொட்டு ஐந்து நிமிஷம் பார்ப்பாள், வெளியே வருவாள், அடுத்தது. சோறு தட்டிலேயே காய்ந்துபோகும். கடைசியில் எதையும் பார்க்காமல் அணைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வருவாள், மறுபடி உள்ளே போவாள்.

"வெரலு ஓடுது டீச்சர், மனசு உக்கார மாட்டேங்குது" என்றாள்.

மூன்றாம் மாதம் அவள் பார்த்துக்கொண்டிருந்த தொடர் வேறொரு ஆப்புக்குப் போய்விட்டது. அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். விஜயபாண்டிக்குக் கிரிக்கெட் இன்னொன்றில். நானூறு ரூபாய் மிச்சம் நூற்றிருபதாக இளைத்தது. ஏன் இப்படி என்று போய்க் கேட்க, பக்கத்திலிருக்கிற அருப்புக்கோட்டையில் ஒரு ஆபீஸ்கூட இல்லை.

(முதல் பிரதியில் இங்கே "தங்கமாரி அண்ணனை நினைத்து அழுதாள்" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன். ரிமோட்டுக்கு பேட்டரி தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள். திருத்தம்: தங்கமாரி அழவில்லை. பேட்டரி தேடினாள்.)

5

ஐப்பசியில் பேச்சி அத்தை இறந்துபோனார். சின்ன வயதிலேயே தாயை இழந்த பால்ச்சாமிக்கும் தங்கமாரிக்கும் சோறு போட்டு வளர்த்தவர், அப்பாவின் தங்கை. பரளச்சியில் விடியற்காலை உயிர் போனது. பால்ச்சாமிக்குச் சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் உண்டு. கோயில் கொடை, காதுகுத்து, பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் அதில் ஓடும். அத்தையின் படத்தைப் போட்டு, மாலை மூன்று மணிக்கு உடல் எடுப்பு என்று அதில் ஓடவிட்டார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கமாரிக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். அவள் அன்று சாயங்காலம் வரை நைட்டிக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண், "என்னக்கா, அத்தைக்கு நீங்க வரவே இல்ல" என்றாள்.

பாலை வாங்காமலே பஸ் ஏறினாள். பரளச்சியில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பால்ச்சாமி பந்தல் கம்பைப் பார்த்துச் சொன்னார்:

"டிவில போட்டுருந்துச்சு. பாக்கலன்னா யாரு என்ன செய்ய?"

தங்கமாரி அத்தையின் வீட்டுக்குள் போய், கொடியில் கிடந்த அத்தையின் சேலையை மடித்து வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

இங்கே நான் மூன்று வாரம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்த வீட்டு வயரைத் தன் கையால் கழற்றியவர் பால்ச்சாமி. அங்கே படம் தெரியாது என்று அவருக்குத் தெரியாதா? அவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் கதை சுலபமாக ஓடும். இரண்டு பக்கம் அப்படி எழுதவும் செய்தேன். பிறகு மனது கேட்காமல் கேபிள் ஆபீசுக்கே போனேன்.

"போன எடுத்தேன் டீச்சர்" என்றார். "அவ நம்பர் வரைக்கும் எடுத்துட்டேன். என்னன்னு பேச்ச ஆரம்பிக்கன்னு தெரியல. சரி, சேனல்ல ஓடுது, யாரு மூலமாச்சும் போயிரும்னு விட்டுட்டேன்."

"பந்தல்ல அப்படிச் சொன்னீங்களே?"

"அது வீம்பு."

இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

6

மார்கழியில் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் ஃபைபர் லைனை அறுத்துவிட்டார்கள். தங்கமாரி போனில் புகார் பதிந்தாள். மறுநாள் ஆள் வருவார் என்று தகவல் வந்ததால் கம்பெனிக்கு லீவு போட்டாள். பதினொரு மணிக்கு ஏணியோடு வந்து நின்றவர் பால்ச்சாமி. இன்டர்நெட் கம்பெனியின் பெயர் போட்ட பனியன் போட்டிருந்தார். கேபிள் வீடுகள் நூறுக்கும் கீழே இறங்கிவிட்டதால், அந்தக் கம்பெனிக்கே லைன் பார்க்கச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முடித்துக் கொடுக்கிற புகாருக்கு இவ்வளவு என்று கூலி.

ஒரு மணி நேரம் அவர் கம்பத்திலும் மாடியிலும் ஏறி இறங்கினார். தங்கமாரி நிலைப்படியில் நின்றாள். உள்ளே நெட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. அவர் தன் போனைப் பார்த்தார். பிறகு பழக்கப்படி சுவரைப் பார்த்தார்.

"போனுக்கு ஒரு நம்பர் வந்துருக்கும். சொல்லச் சொல்லு."

போன் தங்கமாரி கையில்தான் இருந்தது. நம்பர் ஐந்து நிமிஷம்தான் செல்லும் என்று அதிலேயே போட்டிருந்தது. ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது.

"மாரி" என்றார் பால்ச்சாமி. "ஒன் போனுக்கு ஒரு நம்பர் வந்துருக்கும்."

"எதுக்கு?"

"வேல முடிஞ்சிருச்சுன்னு காட்ட. நீ சொன்னாத்தான் எனக்குக் கூலி."

"வேற எதுக்கும் இல்லையே?"

ஏணியில் இருந்த கையை எடுத்துப் பனியனில் துடைத்துக்கொண்டார். "வேற எதுக்கும் இல்ல."

"அத்தை போனத எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல."

"சொல்லிருக்கலாம்."

"நெலத்தையும்."

"கேட்டா நீ தருவேன்னு தெரியும் மாரி. அதான் கேக்கல. தங்கச்சிட்டக் கேட்டு வாங்குற அண்ணனா நிக்க வெக்கமா இருந்துச்சு."

தங்கமாரி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அஞ்சு. ரெண்டு. ரெண்டு. எட்டு."

அவர் முதல் மூன்றைத் தட்டினார். "கடைசி என்ன?"

"எட்டு."

அவர் ஏணியை மடக்கினார். வண்டியில் கட்டினார். "வாரேன்" என்றார், அவள் முகத்தைப் பார்த்து. அவள் தலையை ஆட்டினாள்.

7

இனி முடிவு.

அ) மறுநாளே தங்கமாரி கேபிளைத் திரும்பப் போட்டாள். எழுதிப் பார்த்தேன், கண் கலங்கியது. ஆனால் அவள் போடவில்லை. அவளுக்கு நூற்றிருபது ரூபாய் மிச்சமும் மிச்சம்தான். நானும் போடவில்லை.

ஆ) விஷயம் தெரிந்து விஜயபாண்டி கொதித்து— இதுவும் இல்லை. சாயங்காலம் வந்தவன், "நெட்டு வந்துருச்சா?" என்றான். "வந்துருச்சு" என்றாள். யார் வந்து பார்த்தார்கள் என்று அவன் கேட்கவில்லை.

நடந்தது இது. பால்ச்சாமியின் வண்டி தெரு திரும்பியதும் தங்கமாரி போனோடு என் வீட்டுக்கு வந்தாள். கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. வந்தவரின் சேவை எப்படி? ஐந்து நட்சத்திரங்கள். அதற்குக் கீழே, உங்கள் கருத்து என்று ஒரு கட்டம்.

"இதுல எழுதுனா யாரு டீச்சர் படிப்பா?"

"கம்பெனிக்காரங்க. வந்து பார்த்தவருக்கும் போகும்னு நினைக்கிறேன்."

நாலு நட்சத்திரத்தைத் தொட்டாள்.

"அஞ்சு போடக் கூடாதா?"

"இப்பவே எதுக்கு" என்றாள்.

பிறகு என் வாசல்படியில் உட்கார்ந்து, போனை எனக்குத் தெரியாமல் திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், அழித்தாள், எழுதினாள். கட்டத்தில் நூற்றைம்பது எழுத்துக்கு மேல் ஏறாதாம். "எது எழுதுனாலும் மிஞ்சுது" என்றாள். நான் உதவட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். தமிழ் டீச்சர், கதை எழுதுகிறவள், நாலைந்து வரி கைவசம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து, குனிந்த தலையோடு எழுதிக்கொண்டே தெருவைக் கடந்து வீட்டுக்குள் போனாள்.

அனுப்பினாளா, என்ன அனுப்பினாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. உங்களுக்கு அண்ணனோ தங்கையோ இருந்தால் என்னைவிட நீங்கள் நன்றாக எழுதுவீர்கள்.

உங்கள் கருத்து: