அசையாத மவுஸ்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்கலாம். போடவில்லை. பெரியவள் அங்கே பல வருஷமாக இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தாள். சின்னவள் போன வருஷம்தான் சேர்ந்தாள். சேர்ந்தவள் சும்மா இருந்தாளா? மாமியார் வாயிலும் சின்னவள், மேனேஜர் வாயிலும் சின்னவள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு டீம் லீடர் பதவி காலியாக, இருவர் பேரும்தான் அடிபட்டது.

ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் செய்திருந்தாள் சின்னவள். மவுஸை ஒரு பெயர்மேல் கொண்டுபோனால் அது நீலமாகும். கீபோர்டில் கீழ் அம்புக்குறியை அமுக்கினால் நீலம் அடுத்த பெயருக்கு இறங்கும். என்டர் தட்டினால் அந்த ஊர் உங்களுக்கு. அழகாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். அந்த ஆபீஸில் ஒருவர் செய்ததை இன்னொருவர் ஓட்டிப் பார்த்து "சரி" சொன்னால்தான் வாடிக்கையாளருக்குக் காட்டுவார்கள். இது பெரியவளிடம் வந்தது.

குறை தேடித்தான் உட்கார்ந்தாள். கிடைத்தது. மவுஸைப் பட்டியல்மேல் சும்மா விட்டுவிட்டு அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே போனாள். பட்டியல் மேலே நகர்ந்ததும், அசையாத மவுஸுக்கு அடியில் வேறொரு பெயர் வந்து நின்றது. மவுஸ்தான் நகர்ந்தது என்று நினைத்துக்கொண்டு நீலம் அங்கே தாவியது. மறுபடி அமுக்கினாள், மறுபடி தாவியது. சரிசெய்ய நிரலில் இரண்டு வரி போதும்.

பெரியவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. "சரி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எல்லார் முன்னாலும் சின்னவள் மூக்கு உடையட்டும், பதவி தானாக இந்தப் பக்கம் வரும்.

மறுநாள் வாடிக்கையாளரே ஓட்டிப் பார்த்தார். மவுஸை அப்படியே விட்டுவிட்டு அம்புக்குறியை அமுக்கி, என்டர் தட்டினார்.

"என்னங்க இது, நான் ஒரு ஊர் கேட்டா இது வேற ஊரைக் குடுக்குது?"

சின்னவள் முகம் செத்துப்போனது. ஆனால் மேனேஜர் அவளைப் பார்க்கவில்லை, பெரியவளைப் பார்த்தார்.

"நீங்கதானே பார்த்துட்டு சரின்னு சொன்னீங்க?"

இதைப் பெரியவள் யோசிக்கவே இல்லை. எரிகிற வயிறு எங்கே யோசிக்கவிடும்?

"இது என் கண்ணுல படல சார்."

சின்னவள் நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"இல்லக்கா, நேத்து நான் காபி கொண்டுவந்து வச்சப்போ நீங்க இதைத்தானே பண்ணிட்டிருந்தீங்க? மவுஸைத் தொடாம அம்புக்குறியை அமுக்கி அமுக்கிப் பார்த்தீங்க. சிரிச்சீங்க. அக்காவுக்கே புடிச்சிருச்சுன்னு எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

மேனேஜர் பெரியவளை வேறெதுவும் கேட்கவில்லை. மடிக்கணினியைச் சின்னவள் பக்கம் தள்ளி, "நீங்களே சரி பண்ணிடுங்கம்மா" என்றார்.