ஈஸ்டர் காலையில் வராத மெயில்

ஸ்ரென்யானின் என்ற எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று முட்டைக்குச் சாயம் போடுவார்கள். வேறு எந்த வேலையையும் தொடமாட்டார்கள். அதிலும் என் கம்ப்யூட்டர் தொழிலில் சாதாரண வெள்ளிக்கிழமையே எதிலும் கைவைக்கக் கூடாது. கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் கிடைக்காது. வெலிமிர் மாமா அந்த நாளாகப் பார்த்துத் தன் தேன் வியாபாரத் தளத்தின் நேம்சர்வரை மாற்றியிருக்கிறார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன, கொறைஞ்சா போயிடுவீங்க?"

"தளத்த வச்சிருந்த பழைய கம்பெனிய மூடுறாங்க ஸ்லாஜானா. பண்டிகைக்குள்ள எடம் மாறச் சொல்லிட்டாங்க. புதுக் கம்பெனிக்காரன் ரெண்டே வரிதான், பழச அழிச்சிட்டு இதப் போடுங்கன்னான். போட்டேன். தளம் நல்லாத்தான் தெறந்துச்சு. தேன் பாட்டில் படமெல்லாம் அப்படியே இருந்துச்சு."

தளம் திறந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். தேடி வருகிறவர்களுக்குத் தளம் இந்த இடத்தில், மெயில் அந்த இடத்தில் என்று வழி சொல்வதுதான் நேம்சர்வர். அதை மாற்றினால் மெயிலுக்கும் புதிதாக வழி எழுதிவைக்க வேண்டும். மாமா எழுதவில்லை. அவருக்கு வந்ததெல்லாம் புதுக் கம்பெனி வாசலில் போய் நின்று, இப்படி யாரும் இங்கே இல்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறது.

தேன் கேட்டு வந்தவை போகட்டும், சனியன். அவர் காத்திருந்தது நெவேனாவின் மெயிலுக்கு.

நெவேனா அவருடைய ஒரே மகள், என்னோடு படித்தவள். அந்த மெயில் முகவரியே பள்ளியில் படிக்கும்போது அவள் அப்பாவுக்கு உண்டாக்கிக் கொடுத்ததுதான். பிறகு ஒரு சண்டையில், இந்தப் படியைத் தாண்டினால் நீ எனக்குச் செத்தவள் என்று இவர் சொன்னார். அவள் தாண்டிவிட்டாள். எந்த நாட்டில் இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. ஆனால் ஈஸ்டர் காலையில், எங்கள் தெருவில் பகையாளிகள்கூடச் சொல்லிக்கொள்ளும் அந்த ஒரு வரி தவறாமல் வரும்: கிறிஸ்து உயிர்த்தார். மெய்யாகவே உயிர்த்தார் என்று மாமா பதில் போடுவார். பதில் கிடைத்ததும் அவள் அந்த முகவரியை மூடிவிடுவாள். அடுத்த வருஷம் வேறு முகவரி.

இந்த வருஷம் வரவில்லை.

"மறுநாளே ஏன் மாமா எங்கிட்ட வரல?"

"அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணேன். மாத்துனது ஒலகம் பூரா பரவ நேரமாகும், பொறுத்திருங்கன்னான். பொறுத்திருந்தேன்."

எங்கள் தொழிலில், போய்ப் பார்க்கச் சோம்பல்படுகிறவன் சொல்லும் பதில் அது. அதிகம் போனால் இரண்டு நாள் ஆகும். இந்த மனிதர் வாரக்கணக்கில், அகேசியாப் பூ உதிரும்வரை பொறுத்திருக்கிறார்.

மெயிலுக்கான வழியை எழுதி, அவருடைய மெயில் பெட்டியையும் புதிதாகத் திறந்தேன். பிறகு கம்பெனியைப் போனில் பிடித்து, ஈஸ்டர் அன்று திருப்பி அனுப்பிய மெயில்கள் எந்த முகவரிகளிலிருந்து வந்தன என்று கேட்டேன்.

"அந்த விவரமெல்லாம் ஒரு வாரத்துல தானா அழிஞ்சிரும் மேடம்," என்றான் ஒருவன்.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு மெயில் அனுப்பினேன். மாமாவின் போன் மணியடித்தது. அவர் எழுந்தேவிட்டார். கண்ணாடியைத் தேடினார்.

"நான்தான் மாமா. வருதான்னு பார்க்க அனுப்பினேன்."

அவர் போனை மேசைமேல் கவிழ்த்துவைத்தார். முன்கூட்டியே சொல்லாமல் போனேனே என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

"அவ எழுதியிருந்தா, அவளுக்கு என்னன்னு பதில் போயிருக்கும்?"

"இங்க அப்படி யாரும் இல்லன்னு."

அப்பா செத்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். அல்லது கதவைச் சாத்திவிட்டார் என்று. எப்படியானாலும் இனி எழுதமாட்டாள். அவருக்கும் அது புரிந்திருந்தது.

"ஸ்லாஜானா, உள்ளதச் சொல்லு. நான் பண்ண தப்பாலதான வரல?"

பாவம், ஆறுதல் தேடுகிறார் என்று நினைத்தேன். "ஒங்க தப்புன்னு ஏன் நெனைக்கறீங்க மாமா? அவ எழுதாமலே இருந்திருக்கலாம்ல."

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. ஒரு வருஷம்கூடத் தவறாதவள் எழுதவில்லை என்றால், எழுத அவள் உயிரோடு இருக்க வேண்டுமே.

"இல்ல மாமா," என்றேன். "முழுக்க முழுக்க ஒங்க தப்புதான். அவ எழுதியிருக்கா. நீங்கதான் கெடுத்தீங்க."

தலையை ஆட்டினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.