திரைக்கு அந்தப் பக்கம்

நான் வாயால் பிழைக்கிறவள். பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கக் கத்துகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. என் வாய்க்குப் பூட்டுப் போட ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்று அக்கா சிரிப்பாள். அந்த அக்கா போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். அவள் மகளை நான் என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓயாமல் தொணதொணப்பாள் என்பதால் அவளுக்கு மைனா என்று பேர். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றோடு அவள் பேச்சு நின்றுபோனது. தலையாட்டுவாள், கை காட்டுவாள், அவ்வளவுதான். தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கெஞ்சினேன், அதட்டினேன், கோமாளி மாதிரி ஆடிக்கூடக் காட்டினேன். கல்லில் நார் உரிக்கிற வேலைதான். அக்கா பேச்சை மட்டும் வீட்டில் எடுக்கவே இல்லை. எடுத்தால் பிள்ளை தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என்னாலும் தாங்க முடியாது.

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் மனநல ஆய்வு நடக்கப்போகிறது என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். ஆய்வு செய்கிற மேடம் சின்னப் பெண், பொறுமையாக விளக்கினாள். ஓர் அறையில் குறுக்கே துணித்திரை இருக்கும். பிள்ளை இந்தப் பக்கம் உட்கார்ந்து, மனசில் இருப்பதைப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்கிறவர் "ம்" என்று மட்டும் சொல்வார். பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரிப்போம், வித்தியாசம் என்ன என்பதை முடிவில்தான் சொல்வோம் என்றும் சொன்னாள். அது என் காதில் ஏறவில்லை. ஓயாமல் பேசுகிறவளுக்குக் கேட்கிற பழக்கம் ஏது? பிள்ளையும் சம்மதிக்க வேண்டுமாம். மேடம் முடிப்பதற்குள் மைனா தலையாட்டிவிட்டாள்.

சில வாரம் கழித்து, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடியே, "சித்தி, உப்புக் கம்மி" என்றாள்.

என் சமையலில் குறை சொன்னால் யாராக இருந்தாலும் சண்டைக்குப் போவேன். அன்று கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். திரைக்குப் பின்னால் இருக்கிறவர் யார் என்று கேட்டேன். முகம் தெரியாது, நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கும் என்றாள். பேசிக்கொண்டே வந்து நிறுத்தினால், அந்தப் பக்கத்திலிருந்து "ம்... அப்புறம்?" என்று கேட்பார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. அக்காவும் அப்படித்தான். அடுப்பைப் பார்த்து நின்றபடியே கதை கேட்பாள், நிறுத்தினால் திரும்பாமலே "ம்... அப்புறம்?" என்பாள். ஊரில் எத்தனையோ பேர் அப்படிக் கேட்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆய்வு முடிந்ததும் மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மைனா இருந்த பிரிவில் திரைக்குப் பின்னால் ஆளே கிடையாதாம். பேசுவது மட்டும் போதுமா, கேட்க ஓர் ஆள் வேண்டுமா என்று பார்ப்பதற்காக அப்படியாம். பிள்ளையை வெறும் துணியோடு பேச விட்டீர்களா என்று எகிறினேன். பிறகு அந்த "அப்புறம்", நாற்காலிச் சத்தம் இரண்டும் ஞாபகம் வந்தன. சொன்னேன்.

மேடம் முகம் மாறியது. "எங்க ஆளுங்க 'ம்'முக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. அந்த ரூம்ல, அந்தப் பக்கம் நாங்க நாற்காலியே போடலையே."

கூட்டிக்கொண்டு போய்த் திரையை விலக்கிக் காட்டினாள். வெறும் தரை. அதில் நாற்காலிக் கால் இழுபட்ட கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, திரையை நோக்கி வந்திருந்தன. பழைய கட்டடம், எப்போதோ யாராவது எதையாவது இழுத்திருப்பார்கள் என்றாள். சொல்லும்போது என் முகத்தை அவள் பார்க்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது.

பிள்ளைகளிடமும் உண்மையைச் சொல்லியாக வேண்டும், அதுதான் விதி என்றாள். நாளைக்குச் சொல்லப் போகிறார்களாம். என் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம், மறுபடி வாயடைத்துப் போவாள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மறைக்க முடியாது, வேண்டுமானால் இன்றைக்கு நீங்களே சொல்லுங்கள் என்றுவிட்டாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தேன். திரும்பி வந்த பேச்சைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயம்.

வீட்டில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கயிறு கட்டி, போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள் மைனா. வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலி இந்தப் பக்கம் கிடந்தது. சாயங்கால வெயில் போர்வையில் விழுந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, திரைக்குப் பின்னால் யாருமே இல்லையாம் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சித்தி. மொத நாளே தூக்கிப் பாத்தேன். யாரும் இல்ல."

"பின்ன யார்கிட்டடி பேசின?"

"அம்மாவப் பத்திப் பேசினேன். அதுக்கப்புறந்தான் வந்தாங்க." போர்வையைப் பார்த்தாள். "இங்கயும் பேசிப் பாத்தேன். வரல. நீதான் இந்த வீட்டுல அம்மா பேச்சையே எடுக்கமாட்டேங்கறியே. நீ பேசு."

எழுந்து என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஊருக்கெல்லாம் வண்டி சொல்லுகிற வாய் ஒட்டிக்கொண்டது. போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனை நாளாயிற்று! "அக்கா, மைனா பேசறா. என் சமையல்ல உப்புக் கம்மின்னு சொல்றா. உன்ன மாதிரியே மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

அதற்கு மேல் வரவில்லை.

போர்வைக்கு அந்தப் பக்கம், தரையில் ஒரு நாற்காலி இழுபட்டு முன்னால் வந்தது. மைனாவின் விரல்கள் என் கையை இறுக்கின.

"ம்... அப்புறம்?"

விட்ட இடத்திலிருந்து நான் சொல்லத் தொடங்கினேன்.