அலுமினியத் தட்டு ஆமை

காரினுக்கு மத்தியானத்திலிருந்தே கை சும்மா இருக்கவில்லை. பிள்ளையின் ஸ்வெட்டரில் ஊக்கைக் குத்துவாள், கழற்றுவாள், ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்ப்பாள், மறுபடி வந்து அதே ஊக்கைக் குத்துவாள். அக்டோபர் முப்பது. மற்ற ஊர்க்காரர்களுக்கு நாளைக்குத்தான் ஹாலோவீன். அமெரிக்காவில் இவர்கள் ஊரான டெ மாய்னில் மட்டும் குழந்தைகள் முந்தின நாள் சாயங்காலமே வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். போய் வாளியை நீட்டினால் மட்டும் போதாது. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மிட்டாய்.

அதுதான் அவளுக்குக் கவலை. மகன் எம்மெட்டுக்கு இரண்டரை வயது ஆகிறது. 'அம்மா' என்றுகூட இன்னும் சொன்னதில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது, பொறுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பது இவள் அல்லவா?

ஒரு மாதமாக அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பொடிசுகளுக்கென்றே ஒரு ஜோக் உண்டு. பிள்ளை 'டொக் டொக்' என்று கதவு தட்டுகிற மாதிரி சொல்லும், பெரியவர்கள் 'யாரது?' என்பார்கள். அதற்கு மேல் பிள்ளை எதை உளறினாலும் சிரித்துவிட்டு மிட்டாயைக் கொடுத்துவிடுவார்கள். அந்த 'டொக் டொக்' மட்டும் வந்தால் போதும் என்று காரின் சாப்பாட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தாள். எம்மெட் அவள் விரல் முட்டியையே உற்றுப் பார்ப்பான். வாய் மட்டும் திறக்காது.

வேஷமாவது எளிதாக அமைந்ததா? தேனீ உடுப்பைப் போட்டதும் பிய்த்து எறிந்தான். தீயணைப்புக்காரன் தொப்பி சோபாவுக்கு அடியில் போனது. கடைசியில் அவனே அலமாரியைக் குடைந்து, வான்கோழி சுடுவதற்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய அலுமினியத் தட்டை இழுத்து வந்து முதுகில் கவிழ்த்துக்கொண்டு வீடெல்லாம் தவழ்ந்தான். பிடுங்கப் போனால் அலறல். சரி, ஆமையாகவே இருந்துவிட்டுப் போ என்று காரின் தட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்தாள், பழைய பைஜாமாவிலிருந்து எலாஸ்டிக்கை உருவித் தோள்வார் வைத்தாள். உள்ளே போட ஒரு பச்சை ஸ்வெட்டர். அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஒரு அளவு பெரியதாக வாங்கியதால் கழுத்து தொளதொளவென்று இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தத்தான் இத்தனை ஊக்கு.

கணவன் கைல் தானிய லாரியோடு போயிருந்தான். அறுவடை முடிகிறவரை அவனை எந்தப் பண்டிகையிலும் எதிர்பார்க்க முடியாது. அவனுக்குப் பதிலாக அவன் அக்கா டார்லா வந்து சேர்ந்தாள், கையில் தன் மகள் ஜோசியைப் பிடித்துக்கொண்டு. ஜோசிக்கு மூன்றரை வயது. கடையில் வாங்கிய இளவரசி கவுன், பளபளவென்று கிரீடம், ஓயாத வாய்.

டார்லா எம்மெட்டை மேலும் கீழும் பார்த்தாள். "இது என்ன, ஆமையா?"

"ஆமா. அவனாத்தான் தட்ட எடுத்து மாட்டிக்கிட்டான்."

"ஏண்டி, உனக்கு வேற ஒண்ணுமே தோணலையா? புள்ள பேச்சுல மெதுவுன்னு நாமளே வாயத் தொறக்காம இருக்கோம். நீ என்னடான்னா முதுகுல போர்டு மாட்டி அனுப்புற!"

காரினுக்குச் சுருக்கென்றது. அப்படி ஒரு அர்த்தம் இருப்பதே அவளுக்கு அதுவரை தோன்றவில்லை. கை தானாகத் தட்டின் எலாஸ்டிக்குக்குப் போனது. எம்மெட் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான்.

"விடு டார்லா, நேரமாச்சு," என்றாள்.

தெருவெல்லாம் வாசல் விளக்குகள், உள்ளே குடைந்தெடுத்துச் சிரித்த முகம் செதுக்கிய பூசணிக்காய்கள். குளிர் காதைக் கடித்தது. ஒவ்வொரு வாசலிலும் ஜோசி முந்திக்கொண்டு நின்றாள். "பூசணிக்கா ஏன் சிரிச்சுக்கிட்டே இருக்கு தெரியுமா? அதோட மூளைய வழிச்சு எடுத்துட்டாங்களே!" கைதட்டல், மிட்டாய். அடுத்து எல்லோர் முகமும் கீழே ஆமைப் பக்கம் திரும்பும். காரின் ஒரு வீட்டில் "தொண்டை கட்டியிருக்கு" என்றாள், இன்னொரு வீட்டில் "தூக்கக் கலக்கம்" என்றாள், மூன்றாவது வீட்டில் அவளே அவசர அவசரமாக ஒரு ஜோக்கைச் சொல்லி முடிவை மறந்துவிட்டாள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு படியிறங்குவதற்குள் முதுகு வியர்த்தது. அந்தக் குளிரில்!

தெருக்கோடியில் டுவைன் வீடு. குழாய் வேலைக்காரன், இரண்டு ஆள் பருமன். கார் ஷெட் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் அண்டா நிறைய மிட்டாயோடு உட்கார்ந்திருந்தான். இவனிடம் சாக்குப்போக்கு செல்லாது என்று தெருவுக்கே தெரியும். காரின் அந்த வீட்டை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் ஜோசி ஓடிவிட்டாள்.

பூசணிக்காய் ஜோக்கைக் கேட்டு டுவைன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அடுத்து யாரு? வாங்க ஆமையாரே! உங்க ஜோக்க எடுத்து விடுங்க."

"டுவைன், அவனுக்குப் பதிலா நான்..." என்று ஆரம்பித்தாள் காரின்.

"அதெல்லாம் நடக்காதும்மா. மிட்டாய் உனக்கா, அவனுக்கா? அவன் சொல்லட்டும்."

"அவனுக்குப் பேச வராது," என்றாள் ஜோசி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "எங்கம்மா சொன்னாங்க."

டார்லா குனிந்து மகளின் கிரீடத்தைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்ற அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். டுவைனின் சிரிப்பு அடங்கிவிட்டது. மாதக்கணக்காக எதற்குப் பயந்து காரின் ஓடினாளோ அது நடுத்தெருவில் நடந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று குனிந்தாள்.

எம்மெட் அவள் கைக்கு அகப்படவில்லை. விடுவிடுவென்று டுவைனின் முழங்கால் வரைக்கும் போய், திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு தோளைக் குறுக்கித் தலையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டான். ஊக்கு ஒன்று தெறித்து விழுந்தது. உச்சிமுடி மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு கை பின்னால் வந்து தட்டை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனது.

டுவைன் முதலில் விழித்தான். பிறகு மெல்ல முன்னால் சாய்ந்து, விரல் முட்டியால் தட்டினான். டங், டங்.

"யாரது?" என்றான்.

தலை வெளியே வந்தது. திரும்பிப் பார்த்து, பல்லெல்லாம் தெரிய எம்மெட் சிரித்தான்.

டுவைன் நாற்காலியோடு குலுங்கினான். "அடப்பாவி! இத்தன வருஷமா நானும் ஜோக் கேக்குறேன், என்னையே கதவு தட்ட வெச்சவன் நீ ஒருத்தன்தாண்டா!" வரிசையில் நின்ற பிள்ளைகள் நானும் நானும் என்று ஆமையை மொய்த்துக்கொண்டார்கள். டங் டங் என்று தெருவே அதிர்ந்தது. ஜோசிகூட இரண்டு தரம் தட்டினாள்.

திரும்பும்போது டார்லா பக்கத்தில் வந்தாள். "புள்ள முன்னால நான் பேசியிருக்கக் கூடாது, காரின்."

"ஆமா, கூடாது," என்றாள் காரின். அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை.

வீட்டுப் படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். பேச்சு இன்னும் வரவில்லை. நாளைக்கும் வராமல் போகலாம், அந்தப் பயம் போய்விடவில்லை. மேஜையைத் தட்டிய ஒவ்வொரு நாளும் அவன் எதையும் விடாமல் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவள்தான் அவன் வாயை விட்டு வேறெங்கும் பார்க்கவில்லை. நினைக்க நினைக்க அழுகையும் சிரிப்புமாக வந்தது.

எம்மெட் மிட்டாய் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றான். தலை உள்ளே போனது. நசுங்கிப் பள்ளம் விழுந்திருந்த தட்டில் காரின் இரண்டு தட்டு தட்டினாள்.

"யாரது?" என்றாள்.