குனிந்து பார்க்கும் கேமரா

புதுசு என்றால் எனக்குப் பைத்தியம். செருப்பு வாங்கினால்கூட இரண்டு நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காலில் போடுவேன். வார நாளில் ஸ்பிரிங் கம்பெனி ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை இரவல் கேமராவோடு கல்யாண வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். 1991இல் பர்மா பஜாரில் பார்த்த ஜப்பான் கேமரா ஒன்று என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கையில் இருந்த ஓ.டி. பணத்துக்கு ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும்.

“படப்பைல கோதண்டராமன் சாரு பழைய கேமராவ விக்கிறாராம். ஒரு தபா பாத்துட்டு வாங்களேன்,” என்றாள் என் மனைவி ரத்னா. அவள் வாயை அடைக்கத்தான் சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறினேன்.

கோதண்டராமன் அந்தப் பக்கத்தில் பெயர் பெற்ற போட்டோகிராபர். ஆட்டோமேட்டிக் கேமரா வாங்கிவிட்டதால் பழையதைத் தள்ளிவிடப் பார்த்தார். பொறாமையில் நான் அந்தப் புதுசையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழையதோ வெறும் சதுரப் பெட்டி. முகப்பில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். ஓரமெல்லாம் கறுப்பு உரிந்திருந்தது.

“இத்த எடுத்துகினு போனா கல்யாண வூட்ல சிரிப்பாங்க சார்.”

“சிரிக்கட்டுமே. போட்டோவுக்கு அதானே வேணும்? மேல்மூடியத் தொறந்து குனிஞ்சி பாரு.”

குனிந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளங்கை அகலக் கண்ணாடியில் அவர் வீட்டு முற்றம் முழுசாக இருந்தது. முருங்கை மரம், கொடியில் மஞ்சள் புடவை, அதை அசைக்கிற காற்று. சற்று முன் அலட்சியமாகக் கடந்துவந்த அதே முற்றம்தான். கண்ணாடிக்குள் ஒவ்வொரு இலையும் கழுவி வைத்தது மாதிரி இருந்தது. ஒரு கோழி ஓடியது. அதன் பின்னாலேயே திருப்பினேன், கோழி எதிர்ப்பக்கம் நழுவிப்போனது.

“இடம் வலம் மாறித் தெரியும்பா,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவசரமாக அமுக்கித் தள்ளியிருக்கிறேன். உலகம் இவ்வளவு அழகு என்று ஒருத்தர்கூட எனக்குச் சொல்லவில்லையே! பர்மா பஜார் மறந்தே போனது. எனக்கு இதுதான் வேண்டும்.

பணத்தை எடுக்கப் போன நேரத்தில் அவர் மனைவி மரகதம் டீ கொண்டுவந்தார். சந்தோஷத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“அம்மா, நீங்க இதுல பாத்துகீறீங்களா?”

“நானா? முப்பது வருசமா முன்னாலதான் நிக்க வெச்சாரு. பின்னால எங்க வுட்டாரு?”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேமராவை வாங்கி, முருங்கை மரத்தடியில் நின்ற கணவர் பக்கம் திரும்பிக் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. டீயில் ஆடை கட்டிவிட்டது.

“இன்னா தெரியுது?” என்றபடி கோதண்டராமன் ஓரடி முன்னால் வந்தார்.

“நவுராதீங்க.”

மனுஷர் அசையாமல் நின்றார். பிறகு அந்தம்மா நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. கேமரா மார்போடு இருந்தது.

“புதுச நீங்க வெச்சிக்கோங்க. இது எனக்கு.”

“இந்தத் தம்பி இதுக்குன்னே வந்துகீது, மரகதம்.”

அந்தம்மா என்னிடம் திரும்பினார். “நீயும் உள்ள பாத்தல்ல? நீயே சொல்லு. குடுக்க மனசு வருமா?”

“வராதும்மா,” என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

கிளம்பும் முன் இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். அதற்கும் அந்தம்மா கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தார்.