நீர்நாய்க் கண்ணி

ஸ்டோர்க் குளத்தில் நீர்நாய் இருக்கிறது என்று முதலில் கண்டு சொன்னவள் கருப்பம்மாதான். சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று பின்னால் அவள் பல தடவை நினைத்துக்கொண்டாள்.

இலங்கையில் லுணுகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். அதன் சக்கரத்தைச் சுழற்ற ஓடையை மறித்துக் கட்டிய குளத்தில் துரை ஆசையாக மீன் குஞ்சுகள் விட்டு வளர்த்துவந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம், மழை பொய்த்து ஓடைகள் வற்றிய வைகாசியில், மீன்கள் காணாமல் போகத் தொடங்கின. தோட்டத்து ஆட்கள்தான் திருடுகிறார்கள் என்று துரை கத்தினார். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாக நுழைந்து சட்டி பானையைத் திறந்து பார்த்தார்கள். அந்த அவமானம் பொறுக்காமல்தான் கருப்பம்மா, கங்காணி கணபதியைக் குளத்தங்கரைக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். பாறை மேல் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம் கிடந்தது. ஈர மண்ணில் ஐந்து விரலும் இடையில் சவ்வுமாகக் கால்தடம் பதிந்திருந்தது.

"திருடன் இவன்தாங்க. தண்ணி நாயி" என்றாள்.

கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கணபதி கேட்கவில்லை. லயத்துக் கோழிகளைத் தூக்கிப்போன மரநாய்களைப் போன வருஷம் கண்ணி வைத்து ஒழித்தவள் அவள். பிடிபட்டதன் கழுத்தளவை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த கண்ணியை அந்த அளவுக்கே கட்டுகிறவள்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரிந்த பிறகு, கணபதி அவளை நிறுத்தினார்.

"தொரைக்கு மூணு தோல் வேணுமாம். தொரைசாணி அம்மா சீமைக்குப் போறாங்க, குளிருக்குக் கழுத்துல போட்டுக்கவாம். துப்பாக்கியால சுட்டா தோல் ஓட்டையாயிரும். கண்ணியிலதான் பிடிக்கணும். உன்னால முடியுமா?"

"முடிஞ்சா எனக்கு என்னாங்க?"

"என்ன வேணும்?"

"ஆடியில பதினஞ்சு நாள் லீவு குடுக்கணும். கதிர்காமம் போகணுங்க. பாக்கியலெட்சுமி காய்ச்சல்ல நினைவில்லாமக் கிடந்தப்ப வேண்டிக்கிட்டது. ரெண்டு வருஷமாத் தள்ளிப்போவுது."

பாக்கியலெட்சுமி அவளுடைய ஒரே மகள். துரை சம்மதித்துவிட்டார் என்று அன்று மாலையே தகவல் வந்தது.

மரநாய்க்குக் கட்டுவதுபோல முதலில் கித்துள் மரத்து நாரைத் திரித்துக் கட்டினாள். காலையில் போய்ப் பார்த்தால், கத்தியால் நறுக்கியதுபோல் நார் துண்டாகிக் கிடந்தது. ஸ்டோரில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் அவள் புருஷன் அழகர் ஒரு பித்தளைக் கம்பி கொண்டுவந்து கொடுத்தான். அதில் ஒன்று மாட்டியது. ஆனால் உருண்டு புரண்டு, கம்பியை முறுக்கி ஒடித்துக்கொண்டு போய்விட்டது. கம்பியில் ஒரு கொத்து மயிர் மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மேல்மயிர் முரடு. அதற்கு அடியில் இன்னொரு மயிர், பஞ்சைவிட மெல்லியது, நெருக்கமாக அடைந்திருந்தது. தண்ணீரில் முக்கி எடுத்தாள். அடிமயிர் நனையவே இல்லை. விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பொழுதெல்லாம் தண்ணீரிலேயே கிடக்கிற ஜீவனின் தோலில் தண்ணீர் ஒரு நாளும் பட்டதில்லை!

"இதைப் படைச்சவன் எவ்வளவு நேரம் உக்காந்து யோசிச்சிருப்பான்" என்றாள் அழகரிடம்.

அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. கொழுந்து நிறுத்துப் போட்டதும் தினமும் மாலையில் குளத்துக்கு எதிர்ப்பக்கப் புதரில் போய் உட்கார்ந்தாள். நீர்நாய் ஏறி இறங்குகிற வழி ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுபிடித்தாள். தலையும் கழுத்தும் ஒரே பருமன் என்பதால் கழுத்தில் போட்ட சுருக்கு வழுக்கிக் கழன்றுவிடும் என்பதையும் பார்த்தே தெரிந்துகொண்டாள். தலையும் ஒரு முன்னங்காலும் உள்ளே நுழைந்த பிறகு மார்பில்தான் இறுக வேண்டும். ஆகவே வளையம் ஒரு சாண் அகலம், தரையிலிருந்து நாலு விரல் உயரம்.

கொழுந்து மூட்டைகளை மலை உச்சியிலிருந்து இறக்கும் பழைய கம்பி வடத்தைப் பிரித்து, மூன்று இழையை எடுத்து முறுக்கினாள். மினுக்கம் போக நெருப்பில் வாட்டினாள். கைவாடை போகத் தேயிலைத் தூளோடு சேர்த்துக் கொதிக்கவைத்தாள். துளையிட்ட மாட்டுக்கொம்புத் துண்டு ஒன்றை நடுவில் கோத்தாள். மிருகம் எத்தனை தடவை உருண்டாலும் கம்பி அந்தத் துளைக்குள் சுழலுமே தவிர முறுக்கிக்கொள்ளாது. மறுமுனையை ஒரு பாறாங்கல்லில் கட்டி, தொட்டால் உருளும்படி கரை விளிம்பில் நிறுத்தினாள். இழுக்கிற இழுப்பில் கல் குளத்தில் விழும். மிருகமும் அதோடு ஆழத்துக்குப் போய்விடும்.

மூன்றாம் நாள் பெரிய கடுவன் ஒன்று அப்படியே கிடைத்தது. வாலோடு சேர்த்து அவள் நெஞ்சளவு நீளம். ஒரு கீறல் இல்லாமல் தோலை உரித்துக் கொடுத்தாள். கணபதி தோளில் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார். கருப்பம்மாவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இல்லையென்று சொன்னால் பொய்.

கண்ணியை மறுபடி அதே வழியில் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவளும் கணபதியும் சேர்ந்தே குளத்துக்குப் போனார்கள். துரைசாணி புறப்பட இன்னும் நாலே நாள் இருந்ததால் கணபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் மேல் மூடுபனி படுத்திருந்தது. கல் கரையில் இல்லை.

"விழுந்திருச்சு!" என்றார் கணபதி.

அவள் கையைக் காட்டி அவரை அடக்கினாள். தண்ணீருக்குள் ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

குளம் வற்றியிருந்ததால் கல் ஆழத்துக்குப் போகாமல், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பாறைத் தட்டில் தங்கியிருந்தது. கண்ணியில் கிடந்தது ஒரு குட்டி. கம்பியின் நீளத்துக்கு உடம்பை முழுக்க நிமிர்த்தினால்தான் அதன் மூக்கு தண்ணீருக்கு வெளியே எட்டும். களைத்துப்போன குட்டியால் நிமிர முடியவில்லை. ஆனாலும் மூக்கு வெளியேதான் இருந்தது.

கருப்பம்மா குனிந்து பார்த்தாள். குட்டிக்குக் கீழே தாய் இருந்தது. பின்னங்கால்களைப் பாறையில் ஊன்றி, தலையாலும் தோளாலும் குட்டியை மேலே ஏந்திப் பிடித்திருந்தது. மூச்சு முட்டியதும் விலகி மேலே வந்தது. அந்தக் கணமே குட்டி அமிழ்ந்தது. தாய் ஒரே ஒரு மூச்சு இழுத்தது. இரண்டாவது மூச்சுக்குக்கூட நிற்காமல் மறுபடி கீழே போனது. குட்டியின் மூக்கு மறுபடி வெளியே வந்து தும்மியது.

தாய் மேலே வந்தது, போனது. வந்தது, போனது.

கருப்பம்மா கல் உருண்ட தடத்தைத் தொட்டுப் பார்த்தாள். கிளறிய மண்ணின் மேலும் மடங்கிய புல்லின் மேலும் பனி முத்து முத்தாக இறங்கியிருந்தது. கல் விழுந்த பிறகு இறங்கிய பனி.

"இப்ப மாட்டினது இல்லைங்க" என்றாள். "ராவெல்லாம் இப்படியே நிக்குது."

கணபதி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோயில் வாசலில் தவிர வேறெங்கும் அவர் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தாய் நீர்நாய் ஓடவில்லை. குட்டிக்குக் கீழேயிருந்து ஒரு தரம் பாய்ந்து அவள் இடது முன்கையைக் கவ்வியது. பல் எலும்பில் பட்டது. கருப்பம்மா கையை இழுக்கவில்லை. இழுத்தால் குட்டியும் சேர்ந்து அமிழும் என்று தெரிந்தது. வலது கையால் குட்டியைத் தாங்கிப் பிடித்தாள். குட்டியின் மூக்கு வெளியே நிற்பதைக் கண்டதும் தாய் கடியை விட்டது.

"கல்லைத் தூக்குங்க ஐயா! கம்பி தளரணும்!"

கணபதி கோட்டோடு குளத்தில் இறங்கினார். மூழ்கி, கல்லைக் கட்டிப் பிடித்து ஒரு முழம் தூக்கினார். கம்பி தளர்ந்தது. அவள் சுருக்கைப் பின்னுக்குத் தள்ளி, குட்டியின் முன்னங்காலை மடக்கி எடுத்து, தலை வழியாக வளையத்தை உருவினாள். குட்டி துணிபோலத் தொங்கியது. கரைப்பாறையில் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தேய்த்தாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. பிறகு ஒரு கீச்சுக்குரல்.

தாய் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, இரண்டு மனிதர்களுக்கும் நடுவில் புகுந்து, குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு இறங்கியது. நீரில் ஒரு கோடு ஓடி, மதகுப் பக்கமாகப் போய் மறைந்தது.

கருப்பம்மா கையில் இரத்தம் வழிய நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மற்ற நீர்நாய்கள் ஓடையோடு கீழே இறங்கிப்போய்விட்டன என்று கணபதி துரையிடம் சொன்னார். துரை நம்பாமல், துப்பாக்கியோடு ஒரு ஆளை மூன்று நாள் குளத்தில் உட்கார வைத்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு தோலுக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த ஆடி கருப்பம்மாவுக்கு மலையிலேயே கழிந்தது. அடுத்த வருஷம் துரையும் சீமைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, கணபதி தன் பொறுப்பில் அவளுக்கு லீவு கொடுத்தார். தானும் கதிர்காமத்துக்குக் கிளம்பினார்.

வழியில் வெல்லவாயாவில் ஒரு புளியமரத்தடியில் இறங்கிச் சோறு பொங்கியபோது, கூட வந்த பெண்களிடம் கருப்பம்மா நடந்ததைச் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். முன்கைத் தழும்பைக் காட்டினாள்.

"லயத்து நாய் கடிச்சதுக்கு என்னா கதை கட்டுது பாரு!" என்றாள் ஒருத்தி.

மரத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த கணபதி எழுந்து உட்கார்ந்தார். பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அடங்கினார்கள்.

"நான் தண்ணிக்குள்ள நின்னேன்" என்றார் அவர். "அதுக்கும் எனக்கும் ஒரு முழந்தான். நான் யாரு, அடிப்பேனா கொல்லுவேனா, ஒண்ணுமே அது பாக்கல. அந்தக் குட்டியோட மூக்கைத்தான் பாத்துக்கிட்டே இருந்துச்சு."