அக்காவின் வளைவில் பதினைந்து தோல்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றைக்கே உதிரட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அலுவலகத்தில் ஒருத்தனை எல்லாரும் வெங்காயம் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் அப்படி. விமான இறக்கையோ தண்ணீர்க் குழாயோ, அதை உரசிக்கொண்டு காற்றோ நீரோ ஓடும் ஓட்டத்தைக் கணக்குப் போட, அந்த இடத்தைக் கம்ப்யூட்டருக்குள் லட்சக்கணக்கான கட்டங்களாக நறுக்கவேண்டும். அதற்கு மெஷ் என்று பெயர். சுவரை ஒட்டிய ஓரத்தில் மட்டும் கட்டங்கள் தோல் தோலாக, முடியைவிட மெல்லியதாக அடுக்கி உட்காரவேண்டும். சுவரைத் தொட்ட நீர் அசையாது. அடுத்த தோலில் இருப்பது கொஞ்சம் நகரும். அதற்கும் மேலே போனால் ஓட்டம்தான். வம்பெல்லாம் அந்த மயிரிழை ஓரத்தில்தான் பிறக்கிறது. இருபத்திரண்டு வருடமாக வெங்காயம் தோல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

அன்று திரையில் இருந்தது அவன் அக்காவின் நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய். மருத்துவமனையிலிருந்து வந்த வேலையை வேறு யாரையும் தொடவிடாமல் அவனே பிடுங்கிக்கொண்டான். கைத்தடியின் பிடிபோல வளைந்த குழாய். வளைவின் உள்பக்கம் ஒரு மடிப்பு, அதையொட்டி ஒரு வீக்கம். அங்கே ரத்தம் சுவரை எப்படி உரசுகிறது என்று பார்த்துத்தான் வெட்டுவதா விடுவதா என்று முடிவெடுப்பேன் என்றிருந்தார் டாக்டர். நாலு மணிக்குள் கணக்கு போகவேண்டும்.

நேரான இடத்தில் பதினைந்து தோல்களும் சொன்ன பேச்சைக் கேட்டன. மடிப்புக்கு வந்ததும், நெரிசலில் பஸ் ஏறுகிறவர்களைப்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. சில கட்டங்கள் சட்டைப்பையைப் பிதுக்கியதுபோல உள்வெளியாகப் புரண்டன. புரண்ட கட்டத்தைக் கண்டால் கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். ஆறு தடவை விரித்தது.

ஏழாவது தடவை, மெஷ் போடுகிறவர்கள் எல்லாரும் செய்துவிட்டு வெளியே சொல்லாத அந்தக் காரியத்தை அவனும் செய்தான். மடிப்பை இஸ்திரி போட்டான். ஒரு பட்டனை அமுக்கினால் போதும், மேடுபள்ளம் சமமாகிவிடும். மடிப்பு போயிற்று; வீக்கத்திலும் பாதி போயிற்று. பதினைந்து தோல்களும் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தன. கணக்கு ஓடி முடிந்து, வளைவு முழுக்க நீலமாகத் தெரிந்தது. நீலமென்றால் ஆபத்தில்லை.

அப்போது அக்கா போன் செய்தாள்.

"என்னடா, என் உள்ளே எல்லாம் சுத்திப் பாத்தாச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"அம்பது வருஷமா என் மனசுல என்ன இருக்குன்னு ஒரு தடவ எட்டிப் பாத்ததில்ல. இப்பவாச்சும் நுழைஞ்சியே." கொஞ்சம் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "வெட்ட வேணாம்னு சொல்லிடுடா. எனக்கு பயமா இருக்கு."

"நான் சொல்றதில்லக்கா. கணக்குதான் சொல்லணும்."

"கணக்கு உன் பேச்சக் கேக்காதா? பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் கேக்கலதான், ஒத்துக்கறேன். இப்ப வயசாயிடுச்சே, மரியாதை குடுக்காதா?"

போனை வைத்துவிட்டு அவன் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் ஓரமாக விட்டுவிட்டு, காலுறையோடு திரைக்குள் இறங்கினான்.

முதல் தோலில் எதுவுமே அசையவில்லை. தலைக்கு மேலே சிவப்பு ஆறு, தூரத்து ரயில்போல முழங்கிக்கொண்டு போனது. இவன் நின்ற இடத்தில் மூச்சுக்காற்றுகூட விட்ட இடத்திலேயே தொங்கியது. நாலாவது தோலில் சட்டை படபடத்தது. ஒன்பதாவதில் மூக்குக்கண்ணாடி மெதுவாகக் கழன்று மிதந்து போனது, போகட்டுமென்று விட்டான். மறுபடி ஓரத்துக்கு இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டே வளைவுக்கு வந்தான். இஸ்திரி போட்ட இடம் பளபளவென்றிருந்தது. ஆனால் அதற்கடியில், போர்வைக்குள் தூங்குகிற ஆளைப்போல ஏதோ ஏறி இறங்கிற்று. ஓரத்தைப் பிடித்து உரித்தான். மடிப்பு அங்கேயே இருந்தது. வீக்கமும் இருந்தது, வெதுவெதுப்பாக, துடித்துக்கொண்டு. உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். எவ்வளவு நேரமென்று தெரியாது. அந்த ஓரத்தில் நேரமும் ஓடுவதில்லை.

பிறகு மண்டிபோட்டு வேலையை ஆரம்பித்தான். மடிப்பைச் சுற்றிக் கட்டங்களைப் பொடிப்பொடியாக நறுக்கினான். மடிப்பை நெருங்க நெருங்கப் பதினைந்து தோலைப் பத்தாக்கி, பத்தை நாலாக்கி, படிக்கட்டுபோல இறக்கினான். ஒரு கட்டமும் புரளவில்லை.

மூன்றே முக்காலுக்கு நாற்காலியில் இருந்தான். காலுறை நனைந்திருந்தது. திரையில் வீக்கத்தின் ஒரு பக்கம் குங்குமமாகச் சிவந்திருந்தது. அதை டாக்டருக்கு அனுப்பிவிட்டு அக்காவைக் கூப்பிட்டான்.

"வெட்டணும்க்கா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

"நல்லாப் பாத்தியா?"

"தொட்டுப் பாத்தேன்."

"துரோகி," என்றாள் அக்கா. "சரி, யாரு கூட வருவா?"

"நான் வரேன்க்கா."

மறுவாரம் காலையில் அக்காவைத் தள்ளுபடுக்கையில் நீளமான வராந்தாவழியாகக் கொண்டுபோனார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தைக் கடந்துபோயின. சுவரோரமாக அவனும் நடந்தான், எவ்வளவு மெதுவாக நடக்கமுடியுமோ அவ்வளவு மெதுவாக. இரட்டைக்கதவு இரண்டு தடவை ஆடி நின்றது.

மருத்துவமனைப் படிவத்தில், உடன்பிறந்தவர்கள் என்ற இடத்துக்கு நேரே அக்கா தன் கைப்பட எழுதியிருப்பது: யாருமில்லை, நான் ஒரே பிள்ளை. அதை நானே படித்தேன்; என் மூன்று பற்களும் இன்னும் உதிரவில்லை.